பள்ளிக் கணினியில் பச்சை முத்திரை: அந்த விதிகளை எழுதுவது யார்?

லூனாஸ்_பெற்றோர்

வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் கணினி அறைக்கு மடிக்கணினிகள் வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் சேர்த்திருக்கிறது. மூன்று கடைகளில் விலை கேட்டோம். இரண்டு கடைக்காரர்கள் கொடுத்த தாளில் டிசிஓ சர்டிஃபைட், ஈபீட் கோல்ட், எனர்ஜி ஸ்டார் என்று, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லும் பச்சை முத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றாவது கடையின் தாளில் ஒன்றுமில்லை, ஆனால் விலை நன்றாகக் குறைகிறது. கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, "காசு கட்டினால் யாருக்கும் ஒட்டிக் கொடுப்பார்கள். அதற்கு நாம் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். அங்கே யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

நம் வட்டாரத்தில் கூலிம் ஹைடெக் பார்க்கிலோ பாயான் லெப்பாஸிலோ எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த விதிகளை எழுதுவது யார்? கம்பெனிக்காரர்களே எழுதிக்கொள்கிறார்களா? அடுத்த கூட்டத்துக்கு முன் எனக்குத் தெளிவு வேண்டும்.

கூலிம்_கியூசி

அண்ணே, அந்தத் தகப்பனார் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் அவர் சொன்னது உண்மையாகவே நடந்தது. மின்சாரச் சிக்கனத்துக்கான எனர்ஜி ஸ்டார் முத்திரையை 1992-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தொடங்கியது. முதலில் சேர்ந்த பொருட்களே கணினியும் திரையும்தான். "என் பொருள் இவ்வளவு மின்சாரம்தான் இழுக்கும்" என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அதுவே போதும் என்ற நிலை பல வருடம் இருந்தது. 2010-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் இல்லாத கம்பெனிகளின் பெயரில் இல்லாத 20 பொருட்களுக்கு விண்ணப்பம் போட்டுப் பார்த்தது. அதில் 15 பொருட்களுக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. பெட்ரோலில் ஓடும் அலாரம் கடிகாரம் ஒன்றும் அதில் சேர்ந்தது. அந்த அறிக்கை வெளியான பிறகுதான் மூன்றாம் தரப்புச் சோதனை கட்டாயம் என்று 2011-ல் மாற்றினார்கள்.

அதனால் முத்திரையைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, விதி எழுதுகிறவர், சோதிக்கிறவர், சான்று கொடுக்கிறவர், விற்கிறவர் எல்லாரும் வேறு வேறு ஆட்களா என்பதுதான். ஒழுங்கான ஏற்பாட்டில் விதிக்குச் சொந்தக்காரர் ஒரு அமைப்பு. சோதனைக்கூடம் ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் 17025 தரத்தின்படி அங்கீகாரம் பெற்றது. சான்று தரும் நிறுவனத்துக்கு ஐஎஸ்ஓ 17065 என்று தனித் தரம் இருக்கிறது. அந்தச் சோதனைக்கூடத்தையும் சான்று நிறுவனத்தையும் சரிபார்த்து அங்கீகாரம் தருவது இன்னொரு அமைப்பு. நம் நாட்டில் அது ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியா. பணம் கம்பெனியிடமிருந்துதான் வருகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பணம் கொடுக்கிறவன் விதியை மாற்ற முடியாதபடி சுவர் எழுப்புகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பழைய_கிராணி

இதைப் படித்ததும் எனக்குச் செம்பனைத் தோட்டம்தான் ஞாபகம் வருகிறது. நான் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவன். செம்பனைத் தோட்டங்களுக்கு விதி எழுதும் ஆர்எஸ்பிஓ அமைப்பின் சான்றுக்காகத் தணிக்கைக்காரர்கள் வரப்போகிறார்கள் என்றால் முதல் வாரமே லயத்துக்குப் பெயிண்ட் வரும், மருந்து ஸ்டோருக்குப் புதுப் பூட்டு வரும், சம்பளச் சீட்டுக்கட்டு வருஷ வரிசையில் அடுக்கப்படும். தணிக்கைக்காரர்களை அமர்த்தியது தோட்டமே. அவர்களுக்குப் பணம் கொடுப்பதும் தோட்டமே. மடிக்கணினி முத்திரையும் இதே மாதிரிதானே, தம்பி?

தரக்குழு

கிராணி ஐயா, ஆமாம், கிட்டத்தட்ட இதே மாதிரிதான். பெற்றோர் சகோதரருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பயனீட்டாளர் தரப்பிலிருந்து ஒரு தேசியத் தொழில்நுட்பக் குழுவில் உட்கார்ந்தவன் நான். இந்த விதிகள் பிறக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் ஆராய்ச்சி. ஒரு மடிக்கணினியின் வாழ்நாளில் கேடு எந்தக் கட்டத்தில் அதிகம் என்று கணக்கிடுவார்கள். கரியமில வாயுவில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது. பள்ளியில் நாம் இழுக்கும் மின்சாரம் அதைவிடக் குறைவு. ஆகவே மின்சாரச் சிக்கனத்தோடு நிறுத்திவிட்டால் பெரிய விஷயம் தப்பிவிடும். சிப்பும் திரையும் செய்யும் ஆலைகள் வெளிவிடும் ஃப்ளூரின் வாயுக்கள், ஒரே கணினியை எத்தனை வருடம் ஓட்டலாம் என்பது, உள்ளே இருக்கும் வேதிப்பொருள், அதைச் செய்கிற ஆட்களின் நிலைமை என்று பட்டியல் நீளும். எதை விதியாக்குவது, எதை விட்டுவிடுவது என்ற சண்டை இங்கேயே தொடங்கிவிடும்.

அடுத்து வரைவு. வரைவைப் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தில் தரம் எழுதுகிற அமைப்புகளுக்கென ஒரு நன்னடத்தை விதி இருக்கிறது. வரைவுத் தரத்துக்குக் கருத்துச் சொல்லக் குறைந்தது 60 நாள் அவகாசம் தர வேண்டும் என்று அது சொல்கிறது. சுற்றுச்சூழல் முத்திரைகளுக்கு ஐஎஸ்ஓ 14024 இருக்கிறது. எல்லாத் தரப்பையும் கேட்டு, வாழ்நாள் முழுவதையும் பார்த்து, மூன்றாம் தரப்புச் சரிபார்ப்போடு கொடுக்கும் முத்திரைக்கான தரம் அது. அப்படிப்பட்ட முத்திரையை முதல் வகை என்பார்கள். ஜெர்மனியின் நீலத் தேவதை முத்திரை 1978-லேயே தொடங்கியது, இந்தக் குடும்பத்தில் மூத்தது.

வந்த கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றோமா, மறுத்தோமா, ஏன் என்று எழுத வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை, சலிப்பும் தட்டும். ஆனாலும் விதியின் பலம் முழுக்க இங்கேதான் கூடுகிறது அல்லது குறைகிறது. கணினியைக் கழற்ற "எளிதில் கிடைக்கும் கருவி" போதும் என்று விதி சொன்னால், அந்த மூன்று சொல்லுக்கு எத்தனை விளக்கம் சொல்லலாம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்பானர்_கடை

அந்த மூன்று சொல்லைப் பற்றி நான் சொல்கிறேன். பாடாங் செராயில் கணினி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன்.

2012-ல் ஆப்பிள் புதிய மெல்லிய மேக்புக் விட்டது. பேட்டரியை உடம்போடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் ஆப்பிள் தன் 39 பொருட்களையும் ஈபீட் என்ற பசுமை மின்னணுப் பொருள் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. உடனே சான் பிரான்சிஸ்கோ நகராட்சி, இனி அந்தக் கணினிகளை வாங்க மாட்டோம் என்றது. சில நாளிலேயே ஆப்பிள் திரும்பி வந்து, விலகியது தவறு என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. பெரிய கம்பெனியையே ஒரு நகராட்சியின் கொள்முதல் ஆபீஸ் திருப்பிக் கூட்டி வந்துவிட்டது. வாங்குகிறவன் பலம் அது.

ஆனால் அதே வருடம் அக்டோபரில் ஈபீட் அந்த மெல்லிய கணினிகளைச் சோதித்து, எல்லாம் விதிப்படிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. பேட்டரியை எடுக்கும் கருவி எளிதில் கிடைக்கிறதா, மேம்படுத்த வழி இருக்கிறதா என்ற இடத்தில் விதியின் வாசகம் தளர்வாக இருந்தது. வாசகம் தளர்வாக இருந்தால் சோதனைக்காரர் என்ன செய்வார்? எழுதியதைத்தான் அளக்க முடியும். என் மேசைக்கு வரும் கணினிகளில் பசை ஒட்டிய பேட்டரி இன்றைக்கும் வருகிறது. கழற்ற முடியாமல் திருப்பி அனுப்பும்போது வாங்கிய பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வராது.

விதி எழுதும் மேசையில் கம்பெனி ஆட்கள்தான் அதிகம் என்று கேள்வி. பழுதுபார்ப்போர் தரப்பில் 2017-ல் ஒரு அறிக்கையே வந்தது. ரிப்பேர் சம்பந்தமான கடுமையான விதிகளை உற்பத்தியாளர்கள் குழுவுக்குள் உட்கார்ந்தே மழுங்கடித்தார்கள் என்று அதில் சொன்னார்கள். அப்படியானால் சுதந்திரமான தரம் என்று சொல்வதில் என்ன அர்த்தம்?

தரக்குழு

ஸ்பானர் அண்ணே, நீங்கள் சொன்னதில் நான் மறுக்க ஒன்றுமில்லை. ஈபீட் 2006-ல் வந்தபோது விதிகள் ஐஈஈஈ என்ற பொறியாளர் சங்கத்தின் 1680 என்ற தரத்தில் இருந்தன. ஐஈஈஈ முறையில் வாக்கெடுப்புக் குழுவில் ஒரே தரப்பு ஆதிக்கம் செலுத்தக்கூடாது, வாக்குகளில் 75 விழுக்காடு ஆதரவு வேண்டும். காகிதத்தில் நல்ல விதி. நடைமுறையில் வருடக்கணக்காகக் கூட்டத்துக்கு வர ஆள், விமான டிக்கெட், சம்பளம் எல்லாம் யாரிடம் இருக்கிறது? கம்பெனியிடம். தொண்டு அமைப்பிலிருந்து ஒருவர் மாலை வேலை முடித்து இணையக் கூட்டத்தில் உட்காருகிறார். 75 விழுக்காடு வேண்டுமென்றால், கால்பங்குக்கு மேல் எதிர்க்கிற எந்தக் கடுமையான வாசகமும் நிற்காது.

பிறகு ஈபீட்டை நடத்தும் குளோபல் எலக்ட்ரானிக்ஸ் கவுன்சில் தானே விதி எழுதும் முறையைக் கொண்டுவந்தது. முதலில் ஆராய்ச்சி அறிக்கை வெளியிட்டு, அதற்குக் கருத்து வாங்கி, பிறகு பருவநிலை, வளப் பயன்பாடு, வேதிப்பொருள், பொறுப்பான சப்ளை செயின் என்று பகுதி பகுதியாக எழுதினார்கள்.

ரிப்பேருக்கும் ஒரு வழி பிறந்தது. 2020-ல் ஐரோப்பாவில் இஎன் 45554 என்ற தரம் வந்தது. ஒரு பொருளைக் கழற்ற எந்த வகைக் கருவி வேண்டும், பாகம் யாருக்குக் கிடைக்கும் என்பதை வகை பிரித்து அளக்கும் முறை அது. 2021 ஜனவரியில் பிரான்ஸ் ரிப்பேர் மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. 2027 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பாவில் விற்கும் பொருட்களில் சிறிய பேட்டரிகளைப் பயனரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டமே சொல்கிறது. அளக்கும் முறை வந்த பிறகு வாசகத்தைத் தளர்வாக வைக்க முடியாது.

இரவு_ஷிப்ட்

நீங்கள் எல்லாரும் பேசுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். நான் போர்டில் சிறு பாகங்கள் பொருத்தும் எஸ்எம்டி லைனில் வேலை பார்க்கிறேன், போர்டு துடைக்கும் பகுதி. ஒன்று கேட்கிறேன். இந்த விதிகளில் வாங்குகிறவன் இருக்கிறான், ரிப்பேர் பண்ணுகிறவன் இருக்கிறான், பூமி இருக்கிறது. செய்கிறவள் எங்கே இருக்கிறாள்?

2006 ஜூலையில் ஐரோப்பா மின்னணுப் பொருட்களில் ஈயத்தைத் தடை செய்தபோது பாகங்களை ஒட்டும் சால்டர் மாறியது, அடுப்புச் சூடு மாறியது, லைன் முழுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். போர்டில் ஈயம் இருந்தால் கப்பல் திரும்பிவிடும் என்ற பயம். ஆனால் நாங்கள் துடைக்கும் திரவம் போர்டில் தங்காது, காய்ந்து போய்விடும். அதை எந்தச் சோதனைக்கூடமும் போர்டில் கண்டுபிடிக்க முடியாது. அது எங்கள் மூச்சில் போகிறது. ஆடிட்டர் வந்தால் ஆபீஸ் ரூமில் கூப்பிட்டுக் கேட்பார்கள். கதவுக்கு வெளியே சூப்பர்வைசர் நிற்பார். நேப்பாளப் பிள்ளைகளைக் கேட்கும்போது மொழிபெயர்க்க ஏஜெண்டின் ஆளே உட்காருவார். அங்கே என்ன பேச முடியும்?

கூலிம்_கியூசி

அக்கா, நீங்கள் சொல்வதுதான் இந்தத் துறையில் மிகத் தாமதமாக வந்த விஷயம். எலக்ட்ரானிக்ஸ் முத்திரைகளின் வரலாற்றைப் பார்த்தாலே தெரியும். டிசிஓ என்பது சுவீடனின் அலுவலக ஊழியர் தொழிற்சங்கக் கூட்டமைப்பு. நாள் முழுக்கத் திரை முன்னால் உட்காரும் உறுப்பினர்களுக்குக் கண்வலி, கதிர்வீச்சு பயம். 1986-ல் திரைகளை அளந்து பார்க்கும் கையேடு போட்டார்கள், 1992-ல் முதல் முத்திரை வந்தது. சங்கமே வாங்குகிறவர்களைத் திரட்டி உற்பத்தியாளரை வழிக்குக் கொண்டுவந்தது. அழகான வேலை அது. ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்தவர் திரையைப் பார்க்கும் ஊழியர். திரையைச் செய்யும் ஊழியர் அங்கே இல்லை. 1995-ல் சுற்றுச்சூழல் விதிகள் சேர்ந்தன. தொழிற்சாலை வேலைநிலை விதிக்குள் வர இன்னும் பல வருடம் பிடித்தது.

2009-ல் சீனாவின் சுஜோவில் தொடுதிரை துடைத்த தொழிலாளர்கள் 137 பேருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது. ஆல்கஹாலைவிடச் சீக்கிரம் காய்கிறது என்று என்-ஹெக்ஸேன் என்ற கரைப்பானைக் கொடுத்திருந்தார்கள். அதற்கப்புறம்தான் உற்பத்தியில் பயன்படும் வேதிப்பொருள் என்ற பேச்சே பலமாக எழுந்தது. டிசிஓ சர்டிஃபைட் சுமார் மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதிய தலைமுறை விதிகளை விடுகிறது. அண்மைத் தலைமுறைகளில் ஆலையில் பயன்படும் துப்புரவு வேதிப்பொருட்களும் வந்துவிட்டன.

நேப்பாளப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னீர்கள். 2014-ல் வெரிட்டே என்ற அமைப்பு மலேசிய எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் 501 தொழிலாளர்களை நேர்காணல் செய்தது. அவர்களில் 28 விழுக்காட்டினர் கட்டாய உழைப்பு நிலையில் இருப்பதாகச் சொன்னது. பிடித்து வைத்த பாஸ்போர்ட், ஏஜெண்டுக்குக் கட்டிய கடன், இவைதான் பெரிய காரணம். அடுத்த வருடமே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளின் கூட்டமைப்பு தன் நடத்தை விதியை மாற்றியது. வேலைக்குச் சேரத் தொழிலாளி கட்டணம் கட்டக்கூடாது என்று எழுதினார்கள். அந்தக் கூட்டமைப்புக்கு இப்போது ரெஸ்பான்சிபிள் பிசினஸ் அலையன்ஸ் என்று பெயர். அது கம்பெனிகளின் அமைப்பு, சுதந்திரமானது இல்லை. இருந்தாலும் அவர்களுடைய தணிக்கை அறிக்கையை டிசிஓ ஆதாரமாக ஏற்கிறது. நான் கவலைப்படும் இடம் அதுதான்.

பழைய_கிராணி

இரவு ஷிப்ட் அம்மா சொன்னதைப் படித்துச் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் மருந்து அடித்ததெல்லாம் பெண்கள். முதுகில் பம்பு, அதில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி. நகம் கழன்று விழும், மூக்கில் ரத்தம் வரும், டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்து அனுப்புவார்கள். 2002-ல் கோலாலம்பூரின் தெனாகனித்தா என்ற உரிமை அமைப்பும் பினாங்கில் இருக்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் தோட்டம் தோட்டமாகப் போய் அந்தப் பெண்களிடம் பேசி அறிக்கை போட்டன. அதே 2002-ல் அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்தது, 2006-ல் தடையை எடுத்தது, கடைசியில் 2020 ஜனவரியில் முழுத் தடை வந்தது. ஆர்எஸ்பிஓ 2018-ல் திருத்திய விதிகளில்தான், விதிவிலக்கான நிலைமை தவிர, பாராகுவாட்டுக்கு வாசல் அடைத்தார்கள். அறிக்கைக்கும் அந்த விதிக்கும் நடுவில் 16 வருடம்.

ஆர்எஸ்பிஓவில் உறுப்பினர்கள் ஏழு பிரிவு: தோட்டக்காரர், ஆலைக்காரர் வியாபாரி, பொருள் செய்கிறவர், சில்லறைக் கடை, வங்கி, சுற்றுச்சூழல் அமைப்பு, சமூக அமைப்பு. தொழிற்சங்கத்துக்கென்று தனி நாற்காலி இல்லை. அந்த நாற்காலி இருந்திருந்தால் 16 வருடம் ஆகியிருக்குமா என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.

லூனாஸ்_பெற்றோர்

எல்லாருக்கும் நன்றி. கிராணி ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் அம்மாவிடம் பேசினேன். அவரும் மருந்து அடித்தவர்தான். மருந்து பற்றி யாரும் வந்து கேட்டதே இல்லை என்றார்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். முத்திரை இருக்கும் கணினியை எடுப்பதா, விலை குறைந்ததை எடுத்துக் கூடுதலாக ஒன்றிரண்டு வாங்குவதா?

கூலிம்_கியூசி

என் கருத்து, முத்திரை உள்ளதை எடுங்கள். ஆனால் தாளில் உள்ள படத்தை நம்பாதீர்கள், சரியான மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி டிசிஓ, ஈபீட் பதிவேடுகளில் நீங்களே தேடுங்கள். இரண்டும் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கின்றன. ஈபீட் பதிவு நாடு வாரியாக நடக்கிறது, அதையும் கவனியுங்கள். டிசிஓவில் எல்லா விதியும் கட்டாயம், ஒன்று தவறினாலும் சான்று இல்லை. ஈபீட் கோல்ட் என்றால் கட்டாய விதிகளோடு விருப்ப விதிகளில் முக்கால் பங்கு தேறியிருக்க வேண்டும். எந்த முக்கால் என்பதைப் பதிவேட்டில் பார்க்கலாம். விற்ற பிறகும் ஈபீட் திடீர்ச் சோதனை நடத்தித் தவறியவற்றின் முடிவை வெளியிடுகிறது.

ஸ்பானர்_கடை

கடைக்காரரிடம் பேட்டரி, கீபோர்டு, சார்ஜர் ஊசி மூன்றும் எத்தனை வருடம் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பள்ளியில் முதலில் போவது அவைதான். முத்திரை இல்லாத கணினிக்கு அந்த உறுதி கிடைக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். கணினி வந்தால் ஒன்றை என் கடைக்குக் கொண்டு வாருங்கள், பின்மூடியைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம்.

தரக்குழு

இன்னொன்றும் செய்யலாம். அடுத்த வரைவு வரும்போது நாம் கருத்து அனுப்பலாம். வரைவு பொதுவில் வைக்கப்படும், மின்னஞ்சல் இருந்தாலே போதும். இந்தக் கருத்துப் படிவங்களில் பொதுவாக எந்தப் பிரிவு, என்ன குறை, அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும் என்று மூன்று கட்டம் இருக்கும். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் குழு "கவனத்தில் கொண்டோம்" என்று எழுதிக் கடந்துவிடும். மாற்று வாசகம் எழுதியிருந்தால் ஏன் மறுத்தோம் என்று பதில் எழுதியாக வேண்டும். வாங்குகிறவர் என்ற முறையில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தாளில் அனுப்பினால் எடை கூடும். இரவு_ஷிப்ட் அக்காவும் கிராணி ஐயாவும் தமிழில் எழுதுங்கள். நான் ஆங்கிலத்தில் ஆக்கித் தருகிறேன். கம்பெனிப் பெயர், உங்கள் பெயர் எதுவும் வேண்டாம்.

இரவு_ஷிப்ட்

எழுதுகிறேன், சார். தொழிலாளியிடம் கேட்பதை ஆலைக்கு வெளியே, அவரவர் மொழியில், ஏஜெண்டின் ஆள் இல்லாமல் கேட்க வேண்டும். துடைக்கும் திரவத்தின் பெயரையும் ஆபத்தையும் லைனில் அவரவர் மொழியில் ஒட்ட வேண்டும். துடைக்கும் மேசைக்கு மேல் காற்று இழுக்கும் குழாய் இருக்கிறதா என்பதைத் தணிக்கை நாளில் அல்லாமல், இரவு ஷிப்டில் சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும். மாற்று வாசகக் கட்டத்தில் இந்த மூன்றையும் போடலாமா? லைனில் மற்றப் பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டு மீதியை அனுப்புகிறேன்.